ஒன்பதாம் நம்பர் மலையில் ஆறு இலக்கம்

பேச்சியம்மா தன் சொந்த போன் நம்பரைக் கொடுத்தாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

தோட்டத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பள்ளிக்கூடத்தில் நிரப்பிக் கொடுக்கும் பாரமானாலும் சரி, ஆஸ்பத்திரிக் கார்டானாலும் சரி, ‘தொலைபேசி இலக்கம்’ என்று ஒரு கட்டம் வந்தால் மூக்கன் கங்காணியின் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்து பழகிய சனம். ஆளுக்கொரு போன் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. தடுப்பூசி போடும் திகதியிலிருந்து பிள்ளைகளின் பரீட்சைத் திகதி வரைக்கும் எல்லாம் கங்காணியின் போனுக்கே வரும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிட்ட பிறகு, அவர் போனை நீட்டிப் பிடித்து அதையும் வாசிப்பார். அரசாங்கமே தன் சட்டைப் பையில்தான் குடியிருக்கிறது என்பது அவர் நினைப்பு.

போன மாதம் பிரதாப் சேர் அந்தப் பாரத்தை நிரப்பும்போதும் அப்படித்தான் கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவர். நல்ல பிள்ளை.

“கங்காணி நம்பர போடவா அம்மா? இல்லாட்டி ஹட்டன்ல எங்கண்ணன் கடை இருக்கு, அவரு நம்பர போடவா? அங்கன்னா சிக்னல் பிரச்சின வராது.”

“என்னா சேர் இது? என் புள்ளைக்கு எதுக்கு ஊரான் நம்பரு? என் நம்பர போடுங்க” என்றாள் பேச்சியம்மா.

சொல்லிவிட்டு நம்பரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் விடிந்துவிடும். ஆனால் இலக்கத்தில் அவளை அடிக்க ஆளில்லை. இருபத்தியிரண்டு வருசமாகத் தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து, தன் கொழுந்தின் எடையில் அரைக் கிலோவைக்கூட யாருக்கும் விட்டுக் கொடுக்காதவள். அவள் நிறுக்க வந்தால் தராசு பிடிக்கிறவன் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான்.

அந்தப் பாரம் எதற்கென்று சொல்ல வேண்டும். அவள் மகள் நிஷாந்தி சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தவள். உயர்தரத்தில் கணிதப் பிரிவுதான் படிப்பேன் என்று நிற்கிறாள். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிரிவை இந்த வருசம்தான் தொடங்கியிருக்கிறார்கள். கணிதம் படிப்பிக்க ஆள் வந்தாயிற்று, இரசாயனத்துக்கும் வந்தாயிற்று. பௌதிகத்துக்கு மட்டும் வருகிறேன் என்றவர் மழையையும் பாதையையும் பார்த்துவிட்டு, வந்த பஸ்சிலேயே திரும்பிப் போய்விட்டார். பௌதிகம் இல்லையென்றால் பிரிவே இல்லை. நிஷாந்தி கலைப் பிரிவுக்குத்தான் மாற வேண்டும். அப்போதுதான் கண்டியிலிருந்து ஒரு கல்வி நிறுவனம், மலைநாட்டுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு இன்டர்நெட்டில் பௌதிக வகுப்பு நடத்தப் போவதாக அறிவித்தது. அறுநூறு பேர் பரீட்சை எழுதினார்கள். நாற்பதில் ஒன்று நிஷாந்தி.

பௌதிகம் என்றால் என்னவென்று பேச்சியம்மா மகளிடம் கேட்டாள். ஒரு பொருளுக்கு ஏன் எடை இருக்கிறது, அது ஏன் கீழே விழுகிறது என்று படிப்பது என்றாள் மகள்.

“அதத்தான் நான் தெனமும் முதுகுல சுமக்குறேனே, எங்கிட்ட கேட்டிருக்கலாமே” என்றாள் பேச்சியம்மா. சிரித்தாலும் அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. லயத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைத்தாள்.

போன வருசம் அந்த வகுப்புக்குள் வெளியாட்கள் திருட்டுத்தனமாக நுழைந்து பெரிய ரகளை நடந்ததாம். அதனால் இந்த வருசம் ஒவ்வொரு பிள்ளையின் எக்கவுண்டுக்கும் இரண்டு பூட்டு. பாஸ்வேர்ட் ஒரு பூட்டு. இன்னொன்று, பாரத்தில் கொடுத்த போனுக்கு எஸ்எம்எஸ்சில் வரும் ஆறு இலக்கம். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்த இரண்டாவது பூட்டைப் போட்டு முடிக்காதவர்களின் இடம் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

“மொத தடவதான் இந்த எஸ்எம்எஸ்” என்று பிரதாப் சேர் விளக்கினார். “அது சரியாயிட்டா அம்மா போன்ல ஒரு எப் போட்டுத் தருவேன். அப்புறம் சிக்னலே வேணாம். அந்த எப்லயே அரை நிமிசத்துக்கு ஒரு புது நம்பர் வந்துகிட்டு இருக்கும்.”

ஐந்து நிமிச வேலை. ஞாயிற்றுக்கிழமை மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால்.

பெய்த மழையில் அக்கரப்பத்தனைக்குப் போகும் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. பஸ் நின்றது. டவரும் படுத்துவிட்டது. பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருக்கிறது. அதன் கூரையில் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த ஒரு சாட்டிலைட் தட்டு இருப்பதால், நல்ல காலம், இன்டர்நெட்டுக்கு மட்டும் குறைவில்லை. ஆனால் போனுக்கு ஒரு கோடு சிக்னல் விழுந்தது முழுத் தோட்டத்திலும் ஒரே இடத்தில்தான்: ஒன்பதாம் நம்பர் மலையின் உச்சிப் பாறையில். அங்கேயும் எஸ்எம்எஸ் வருமே தவிர, வேறு ஒன்றும் திறக்காது.

ஆக, நம்பர் வேண்டும் என்று கேட்கும் கொம்பியூட்டர் கீழே. நம்பர் வந்து விழும் போன் மேலே. கேட்ட நேரத்திலிருந்து நம்பருக்கு ஆயுள் பத்து நிமிசம். பாறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்க, எவ்வளவு வேகமாக ஓடினாலும், பதினெட்டு நிமிசம்.

செவ்வாய்க்கிழமை நிஷாந்தி போனோடு பாறையில் நின்றாள். பேசி வைத்த நேரத்துக்குச் சேர் கீழே பட்டனை அமத்தினார். நம்பர் வந்தது, ஓடினாள், பிந்திவிட்டது. புதன்கிழமை குறுக்குப் பாதையில் ஓடினாள். கால் சறுக்கி, இரண்டு முழங்காலும் தேய்ந்து, ரத்தத்தோடு வந்து நம்பரைச் சொன்னாள். அதுவும் பிந்திவிட்டது. திரையில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. மூன்றாவது முறையும் தவறினால் எக்கவுண்ட் ஒரு நாளைக்குப் பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் என்றால் வியாழன் போய்விடும். சேர் கண்டிக்கு மெயில் அனுப்பினார். உங்கள் மடல் கிடைத்தது, ஏழு நாளில் பதில் தருகிறோம் என்று மெஷின் பதில் போட்டது. நம்பரை மாற்றலாமா என்று பார்த்தார். பழைய நம்பரை உறுதி செய்த பிறகுதான் மாற்றலாம் என்றது.

அன்று சாயந்திரம் பேச்சியம்மா மகளின் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். ‘ஹட்டன் நம்பரைக் கொடுத்திருந்தால்’ என்று மகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். சொல்லாததுதான் குத்தியது. என் வாய்க்கொழுப்புக்கு இந்தப் பிள்ளை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

எரிச்சலில்தான் அவளுக்கு யோசனை ஓடும். ஓடியது.

“நாளைக்கு நீ ஓட வேணாம்” என்றாள் மகளிடம். “நீ மெசின் முன்னுக்கு உக்காரு. எங்க கேங்குக்கு நாளைக்கு ஒம்பதாம் நம்பரு மலதான். நம்பர நான் அனுப்புறேன்.”

“எப்படிம்மா அனுப்புவ?”

“குளவி வந்தா எப்படி அனுப்புவோம்?”

நிஷாந்தி வாயைப் பிளந்தாள். தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: குளவிக்கூடு கலைந்தால் முதலில் பார்த்தவள் ஒரு குரல் கொடுப்பாள். அதைக் கேட்டவள் அடுத்த நிரைக்குக் கொடுப்பாள். நிரைக்கு நிரை, மலைக்கு மலை அது போகும். கீழே கடைசி நிரையில் நிற்பவள் கூடையை எறிந்துவிட்டு ஓடும்போது, முதல் குளவி பாதி மலையைக்கூடத் தாண்டியிருக்காது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய குரல் அது.

ராத்திரிச் சோற்றை உண்ணும் முன்னமே பேச்சியம்மா கேங்கில் இருக்கிற இருபத்தியொரு பெண்களையும் பார்த்துப் பேசி முடித்தாள். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேர் “நான் எங்க நிக்கணும், அத மட்டும் சொல்லு” என்றார்கள். ஒன்பதாம் நம்பருக்குக் கீழே ஆறாம் நம்பர் மலையில் ஆண்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். அந்த மலையின் அடியில்தான் பள்ளிக்கூடத்து மைதானம். அந்த ஆண்களில் செல்லசாமி குரலை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவதாக ஏற்பாடு. கவ்வாத்துக் கத்தியை விட அவன் குரல் கூர்மை.

ஒரே ஒரு இடம்தான் உதைத்தது. இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதில் ஓர் ஆறு ஓடுகிறது. மழைக்குப் பிறகு அது இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தக்கூடிய தொண்டை தோட்டத்தில் ஒன்றுதான் உண்டு. அது மூக்கன் கங்காணியுடையது.

வியாழன் காலை பெரட்டுக் களத்தில் பேச்சியம்மா அவரிடம் போனாள்.

“கங்காணியண்ணே, இன்னைக்குப் பதினோரு மணிக்கு மலையில ஒரு சத்தம் போடுவோம். குளவி இல்ல. மொதல்ல ‘நிஷாந்தி’ன்னு சொல்லிட்டு அப்புறம் நம்பரு சொல்லுவோம். நீங்க பள்ளத்துக்கிட்ட நின்னு ஒரு கொரல் குடுத்தீங்கன்னா போதும்.”

மூக்கன் கங்காணி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“மலையில கொரல் குடுக்குறது குளவிக்கு மட்டுந்தான். வெளையாட்டுக்குக் கத்தி, போன வருசம் ஒருத்தி விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டது மறந்து போச்சா? எனக்கு மேல இருக்குற கண்டாக்கையா காதுல விழுந்தா எனக்குத்தான் சீட்டு கிழியும்.”

“வெளையாட்டு இல்லண்ணே.”

“உன் நம்பரத்தான குடுத்த? அப்ப நீயே பாத்துக்க.” அவருக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. “நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. போ, போய்க் கொழுந்தெடு.”

பேச்சியம்மா கெஞ்சவில்லை. கெஞ்ச வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பள்ளத்தருகே இரண்டு இளம் பெண்களை நிறுத்தி, இரண்டு தொண்டை சேர்ந்தால் ஒரு தொண்டைக்குச் சமம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மலை ஏறினாள்.

பத்தே முக்காலுக்கு அவள் பாறை மேல் நின்றாள். கொழுந்துக் கூடை கீழே. இன்றைக்கு எடை குறையும், அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான் விழும், விழட்டும். பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குக்குள் வைத்திருந்த போனை எடுத்து, வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பிரியந்தி. அவள் கல்யாணமாகி வந்து ஆறு மாசம், சாதாரண தரம் வரை படித்தவள், எழுத்து வாசிக்க அவள். அவர்களுக்குக் கீழே பெண்கள் உச்சியிலிருந்து அடி வரைக்கும் விட்டு விட்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியின் கையும் கொழுந்தில் இருந்தது, காது மேலே இருந்தது. பனி மூட்டம் பள்ளிக்கூடத்தை மறைத்துவிட்டது. மலைக்குக் கீழே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பதினோரு மணிக்குச் சேர் பட்டனை அமத்துவதாகப் பேச்சு. பதினொன்றானது. போன் சும்மா இருந்தது. பதினொன்று ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கை கடுத்தது. இந்த மூன்று நிமிசமும் நம்பரின் ஆயுளிலிருந்து கழிகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

பதினொன்று நாலுக்குப் போன் ஒரு தடவை துடித்தது.

பேச்சியம்மா இலக்கத்தை மட்டும் பார்த்தாள். தராசு முள்ளைப் பார்ப்பதுபோல ஒரே பார்வை. நாலு, ஏழு, சைபர், ஒன்பது, மூன்று, ஒன்று. கீழே கத்துவதற்கு மூச்சை இழுத்தாள்.

“அக்கா, பொறுங்க!” பிரியந்தி அவள் கையைப் பிடித்தாள். “கீழ ஒண்ணு போட்டிருக்காங்க. ‘இந்த இலக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம்.’ யாரிடமும்னு போட்டிருக்குக்கா.”

“என்னா?”

“யாருக்கும் சொல்லக்கூடாதாம். சொன்னா எக்கவுண்ட யாராச்சும் களவெடுத்துருவாங்களாம். இப்ப நாம மலைக்கே சொல்லப்போறோம்.”

பேச்சியம்மா நின்றுவிட்டாள். சட்டம் என்றால் அவளுக்குப் பயம் உண்டு. கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டுத்தான் பெருவிரலை வைப்பாள். ரகசியம் என்று எழுதியே அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கத்திவிட்டு, அதனாலேயே பிள்ளையின் இடம் போனால்? முதலில் வாய்க்கொழுப்பால் நம்பரைக் கொடுத்தாள். இப்போது வாயாலேயே கெடுத்தாள் என்றல்லவா ஆகும். போனில் நேரம் பதினொன்று ஐந்தானது.

அவள் கீழே பார்த்தாள். தன் வயசுக்காரிகள், மூத்தவர்கள், நேற்று வந்தவர்கள். எல்லோருடைய முகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாவுக்குப் பிரசவ நோவு கண்ட இரவு, லொறிக்காகப் பாதை வரை கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனவர்கள் அதில் நாலு பேர். நிஷாந்தி பால்குடியாக இருந்தபோது தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவளைத் தூக்கித் திரிந்தவள் ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் காலுக்குச் சப்பாத்துக் கொடுத்தவள் இன்னொருத்தி.

“யாரிடமும்னா வெளியாளுகிட்ட” என்றாள் பேச்சியம்மா. “இங்க யாரு வெளியாளு? நீயே சொல்லு பாப்போம்.”

பிரியந்தி ஒரு தடவை மலையைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

“நிஷாந்தீ!” என்று பேச்சியம்மா குரல் கொடுத்தாள். “நாலு! ஏழு! சைபர்! ஒம்பது! மூணு! ஒண்ணு!”

கீழே நின்றவள் அதைத் திரும்பச் சொன்னாள், சரியா என்று கேட்பதற்காக. சரி என்று பேச்சியம்மா கையை உயர்த்தியதும் அவள் திரும்பி அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அவளும் திரும்பச் சொல்லி, பிறகு கொடுத்தாள். நிஷாந்தி, நாலு, ஏழு, சைபர். மெல்லிய குரல், கட்டைக் குரல், வெற்றிலை போட்ட வாய், பல் போன வாய் என்று ஒவ்வொன்றிலும் ஏறி அவள் மகளின் பெயர் மலையில் இறங்கிக்கொண்டே போனது. பேச்சியம்மாவுக்கு மயிர் கூச்செறிந்தது. இந்த மலையில் இதுவரைக்கும் ஒரு பெயர் இப்படிப் போனதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அதட்டலுக்குப் போயிருக்கும், ஆபத்துக்குப் போயிருக்கும். படிப்புக்குப் போனதில்லை.

பள்ளத்தில் போய் அது நின்றது.

அங்கே நிறுத்திய இரண்டு பெண்களும் கத்துவது மேலே வரைக்கும் கேட்டது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. மறுபடியும் கத்தினார்கள். ஆறு இரைந்ததுதான் மிச்சம். பதினொன்று ஏழு. பேச்சியம்மா பாறையிலிருந்து குதித்து இறங்கத் தொடங்கினாள். தான் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தும் கால் நிற்கவில்லை. படங்கு தேயிலைச் செடியில் சிக்கிக் கிழிந்தது.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

“ஆறாம் நம்பரூ! நிஷாந்திக்கு! நாலூ! ஏழூ!”

மலையே ஒரு தடவை தும்மியதுபோல இருந்தது. பள்ளத்துக்கு மேலே, ரோட்டோரத்தில், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மூக்கன் கங்காணி நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆறு இலக்கமும் ஆறு கல்லைப் போல அந்தப் பக்கம் போய் விழுந்தன. அங்கேயிருந்து செல்லசாமியின் குரல் அதே ஆறையும் ஒன்று விடாமல் திருப்பி அனுப்பியது.

“சரி! போ! ஓடு!” என்றார் கங்காணி. பிறகு அந்த இரண்டு பெண்களையும் பார்த்து, “இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டா மலைக்கு வந்தீங்க? பூனக்குட்டியே பரவாயில்ல” என்று எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பேச்சியம்மா நடு மலையில், கிழிந்த படங்கோடு, நின்ற இடத்திலேயே நின்றாள். பனிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. செல்லசாமி மைதானத்து மதிலுக்கு ஓடியிருப்பான். சேர் ஜன்னலில் நின்றிருப்பார். நிஷாந்தி தட்டியிருப்பாள். பதினொன்று ஒன்பது. பதினொன்று பத்து. ஆயுள் முடிந்தது. இதற்குமேல் அந்த ஆறு இலக்கமும் வெறும் இலக்கம். சரியோ பிழையோ, நடந்தது நடந்தாயிற்று.

ஒருத்தியும் கொழுந்தெடுக்கவில்லை. இருபத்தியொரு பேரும் கூடையைச் சுமந்தபடியே பள்ளத்தைப் பார்த்து நின்றார்கள். வேலை நிற்கிறதே என்று கங்காணியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதைக் கையால் குவித்துக்கொண்டு அவரும்தான் நின்றார்.

பிந்திவிட்டதோ? ஐயோ, அந்த ஒரு நிமிசம். பாறையில் நின்று யோசித்த அந்த ஒரு நிமிசத்தைத் திருப்பித் தரமாட்டார்களா என்று பேச்சியம்மாவுக்கு அழுகை முட்டியது. வேண்டாத சாமி இல்லை. கடைசியில் சாமிகளை விட்டுவிட்டு, “ஒரு சத்தம் குடுடா செல்லசாமி” என்று முணுமுணுத்தாள்.

செல்லசாமியின் சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. ஆறாம் நம்பரின் அடியில் மெல்லியதாக, பிறகு நடுவில் கவ்வாத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து. மேலே நின்றவர்களுக்குச் சொல் பிடிபடவில்லை. கங்காணிக்குப் பிடிபட்டது. அவர் தலைத்துண்டைக் கழற்றி ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

“தொறந்துருச்சூ!”

அது மேலே ஏறத் தொடங்கியது. இறங்கும்போது ஒரு இலக்கம்கூட மாறாமல் இறங்கியது. ஏறும்போது அவரவர் வாய்க்கு வந்தபடி ஏறியது. எக்கவுண்ட் தொறந்துருச்சு என்றாள் ஒருத்தி. பூட்டுப் போட்டாச்சாம் என்றாள் அடுத்தவள். எடம் கெடச்சிருச்சாம். சாயந்தரம் போன கொண்டுவரச் சொல்றாராம் சேரு, எப் போடணுமாம். நாப்பதுல ஒண்ணாம். நம்ம புள்ளையாம். நம்ம நிஷாந்தியாம். ஒவ்வொருத்தியும் தனக்கு வந்த செய்தியோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து, தன் வீட்டுப் பிள்ளை பாஸான மாதிரி கத்தி, மேலே கொடுத்தாள்.

பேச்சியம்மாவுக்கு அது கங்காணி வாயிலிருந்து வந்தபோதே கேட்டுவிட்டது. பிறகு ஒவ்வொரு வாயிலும் கேட்டது. பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பாள். அவள் அசையாமல் நின்றாள். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. இத்தனை வருசம் இந்த மலையில் எத்தனை ஆயிரம் கிலோ பறித்திருப்பாள். ஒரு நாளும் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

மேலேயிருந்து பிரியந்தி விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அக்கா! கேட்டுச்சா அக்கா?”

பேச்சியம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“கேக்கலடி” என்றாள். “இன்னொருக்கா சொல்லச் சொல்லு.”

பிரியந்தி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து, “அக்காவுக்குக் கேக்கலையாம்!” என்று கூவினாள். அக்காவுக்குக் கேட்கவில்லையாம் என்பது நிரை நிரையாக இறங்கிப் பள்ளத்துக்குப் போனது.

“அவளுக்கா கேக்கல? நல்லாக் கேட்டிருக்கும், பொய் சொல்றா” என்றார் மூக்கன் கங்காணி. சொல்லிவிட்டு இடுப்பில் கையை ஊன்றி, அடிவயிற்றிலிருந்து இன்னொரு தடவை கத்தினார்.